உச்சியில போய் உக்காந்துக்கிற சேட்டிலைட் – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் சேட்டிலைட் இன்டர்நெட் பத்தின ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது, "ரஷ்யா மாதிரி வடக்கு ஓரத்து நாடுகளுக்கு நீள்வட்டப் பாதையில தனி சேட்டிலைட்டே உண்டு"ன்னு ஒரு வரி எழுதிட்டு நகந்துட்டேன். விடுவீங்களா! அந்த ஒரு வரிய பிடிச்சுக்கிட்டு வந்த கேள்விகதான் இந்த மாசம் முழுக்க.

கேள்வி (கோவில்பட்டி, இன்ஜினியரிங் மாணவர்): சார், ஜியோஸ்டேஷனரி சேட்டிலைட் மூணே மூணு இருந்தா உலகம் முழுக்க கவர் ஆயிடும்னு எங்க புக்ல போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு இந்த நீள்வட்டம் எல்லாம்?

பதில்: புக் சொல்றது பெரும்பாலும் சரிதான் தம்பி, ஆனா அந்த "உலகம் முழுக்க"ங்கிறதுல வட துருவமும் தென் துருவமும் சேராது, அத சின்ன எழுத்துல கூட யாரும் போடறதில்ல. பூமத்திய ரேகைக்கு நேர் மேல 35,786 கிமீ உயரத்துல ஒரு சேட்டிலைட்ட விட்டா, அது ஒரு சுத்து வர்றதுக்கும் பூமி தன்னைத்தானே ஒரு சுத்து சுத்தறதுக்கும் ஒரே நேரம்தான் ஆகும், அதனால கீழருந்து பாக்கிறவங்களுக்கு அது அசையாம ஒரே எடத்துல நிக்கும், டிஷ்ஷ ஒரு தடவ திருப்பி வச்சு நட்டை முறுக்கிட்டா வேலை முடிஞ்சுது. இதத்தான் ஜியோஸ்டேஷனரின்னு சொல்றோம். ஆனா இந்த வசதி பூமத்திய ரேகைக்கு மேல மட்டும்தான். எந்த சேட்டிலைட்டா இருந்தாலும் அதோட பாதை பூமியோட மையத்த சுத்தித்தான் போயாகணும், அதனால மாஸ்கோவுக்கு நேர் மேல நகராம நிக்கிற சேட்டிலைட்னு ஒண்ண யாராலயும் நிக்க வைக்க முடியாது.

இப்ப கணக்கு பாருங்க. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு. 83 டிகிரி கிழக்குல இருக்கிற நம்ம சேட்டிலைட் சென்னைக்காரங்களுக்கு அடிவானத்துலருந்து சுமார் 74 டிகிரி உயரத்துல தெரியும், அண்ணாந்து பாத்தா தலைக்கு மேலன்னே சொல்லலாம். அதே மாதிரி ஒரு சேட்டிலைட்ட 60 டிகிரி வடக்குல இருக்கிற செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல நின்னு பாத்தா 22 டிகிரிதான். 69 டிகிரியில இருக்கிற மர்மான்ஸ்க்ல 12 டிகிரி சொச்சம். அதுவும் சேட்டிலைட் அந்த ஊருக்கு நேர் தெக்கால இருந்தாத்தான், கிழக்க மேற்க தள்ளி இருந்தா இன்னும் கீழ எறங்கிடும். 81 டிகிரிய தாண்டிட்டா அடிவானத்துக்கு அடியில போயிடும், சுத்தமா தெரியாது. 12 டிகிரின்னா என்னன்னா, எதிர்ல ஒரு குன்று இருந்தா மறைச்சிடும், அபார்ட்மென்ட் இருந்தா மறைச்சிடும், கப்பல் கொஞ்சம் ஆடினா சிக்னல் போயிடும், போதாக்குறைக்கு சிக்னல் சாய்வா வர்றதால காத்து மண்டலத்துலயும் ரொம்ப தூரம் கடந்து வரணும்.

இன்னொரு காரணமும் இருக்கு, அத யாரும் அவ்வளவா பேசறதில்ல. சோவியத் ராக்கெட் கெளம்புற பைக்கனூர் 46 டிகிரி வடக்குல இருக்கு. அங்கருந்து கெளம்புற சேட்டிலைட்டோட பாதை பூமத்திய ரேகைக்கு சாய்வாத்தான் இருக்கும், அத நேராக்கி ரேகை மேலயே கொண்டு வந்து படுக்க வைக்கணும்னா எக்கச்சக்க எரிபொருள் வேணும். 1960கள்ல அவங்ககிட்ட இருந்த ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகல. சோவியத் யூனியன் ஜியோஸ்டேஷனரி பாதையில மொத மொத சோதனைக்கு ஒண்ண அனுப்பினதே 1974லதான்.

கேள்வி (தஞ்சாவூர்): அந்த ரஷ்ய நீள்வட்ட சேட்டிலைட் ஒரு பக்கம் 500 கிமீ வரைக்கும் கிட்ட வருதாம், இன்னொரு பக்கம் 40,000 கிமீ தூரம் போகுதாம். இப்படி ஓடிட்டே இருக்கிறத வச்சு எப்படி மணிக்கணக்கா டிவி காட்டினாங்க?

பதில்: ஓடிட்டே இருக்குங்கிறது சரி, ஆனா ஒரே வேகத்துல ஓடல, சூட்சுமமே அதுலதான் இருக்கு. மேல வீசி எறிஞ்ச கல்லு உச்சிக்குப் போகப் போக வேகம் கொறஞ்சு, அங்க கொஞ்சம் தயங்கி, அப்புறம் கீழ வர வர வேகம் எடுக்கும்ல, அதேதான் இதுவும், கல்லுக்கு தரை குறுக்க வந்துடுது, சேட்டிலைட் தரைய தொடாம பக்கவாட்டுல நழுவிப் போயிடுது. 400 வருஷத்துக்கு முன்னாடி கெப்ளர் கோள்களுக்கு எழுதின விதியும் இதத்தான் சொல்லுது, கிட்ட இருக்கும்போது வேகம், தள்ளி இருக்கும்போது மெதுவு.

சோவியத்தோட மோல்னியா சேட்டிலைட்ட எடுத்துக்கோங்க. கீழ 500 கிமீ கிட்ட வரும்போது நொடிக்கு 10 கிமீ வேகம். உச்சியில, சுமார் 40,000 கிமீ உயரத்துல, நொடிக்கு ஒன்றரை கிமீதான். ஒரு முழு சுத்துக்கு 12 மணி நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் கம்மி. அதுல கிட்டத்தட்ட 8 மணி நேரம் உச்சிய ஒட்டியே கழியுது. அந்த உச்சிய வடக்குல, 63 டிகிரிக்கு மேல வச்சுட்டாங்க. இன்னொரு அழகு என்னன்னா, அந்த 8 மணி நேரமும் பூமி கீழ கிழக்கால திரும்பிட்டு இருக்கு, உச்சியில மெதுவா போற சேட்டிலைட்டும் கிட்டத்தட்ட அதே வேகத்துல கிழக்கால நகருது, அதனால கீழ இருக்கிறவங்களுக்கு அது வானத்துல ஒரு சின்ன எடத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி வர்ற மாதிரி தெரியும். அவ்ளோ உயரத்துலருந்து பாத்தா மேற்குல கலினின்கிராட்லருந்து கிழக்குல சுக்கோட்கா வரைக்கும் மொத்த நாடும் ஒரே பார்வைக்குள்ள அடங்கும்.

8 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு வச்சா மூணு சேட்டிலைட்ல 24 மணி நேரமும் ஆச்சு. ஆனா நடைமுறையில அவங்க மூணோட நிக்கல, நாலு பாதையா பிரிச்சு, ஒரு சேட்டிலைட் எறங்கறதுக்குள்ள இன்னொண்ணு ஏறி வந்துடற மாதிரி வச்சாங்க. இப்படி நாளைக்கு ரெண்டு சுத்து வர்றதால உச்சியும் ரெண்டு எடத்துல வரும். ஒரு சுத்துல ரஷ்யா மேல, அடுத்த சுத்துல உலகத்துக்கு அந்தப் பக்கம் வட அமெரிக்கா மேல. இந்த ரெண்டாவது உச்சி பின்னாடி ஒரு கேள்வியில வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

கேள்வி (தூத்துக்குடி): அப்போ தெற்குப் பாதியில இருக்கிறவங்களுக்கு?

பதில்: பட்டை நாமம்தான். 12 மணி நேர சுத்துல அது பூமத்திய ரேகைக்குத் தெக்கால இருக்கிறது ஒரு மணி நேரம் கூட இல்ல. விர்ருன்னு வந்து விர்ருன்னு போயிடும்.

கேள்வி (நாகர்கோவில், இயற்பியல் ஆசிரியை): இந்த நீள்வட்டப் பாதை பூமத்திய ரேகைக்கு 63.4 டிகிரி சாய்வுன்னே எங்க பாத்தாலும் போட்டிருக்காங்க. வடக்குதான் முக்கியம்னா 90 டிகிரியே வச்சுட்டா துருவத்துக்கு நேர் மேலயே உச்சி வந்துடுமே? யாரோ ஏதோ வசதிக்கு வச்ச நம்பரா இது?

பதில்: டீச்சர், வந்த கேள்விகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். இது யாரும் வசதிக்கு வச்ச நம்பர் இல்ல, பூமியே குடுத்த நம்பர்.

பூமி சுத்தமான உருண்டை இல்லன்னு பசங்களுக்கு நீங்களே நடத்துவீங்க. நடுவுல ஆரம் 6,378 கிமீ, துருவத்துல 6,357 கிமீ, அதாவது நடு இடுப்புல 21 கிமீ பருத்திருக்கு. அந்த பருத்த பகுதியோட ஈர்ப்பு சேட்டிலைட்ட ஒவ்வொரு சுத்துலயும் லேசா இழுக்கும். வட்டப் பாதையில இந்த இழுப்பு பெருசா தெரியாது, நீள்வட்டத்துல தெரியும், எப்படின்னா அந்த நீள்வட்டமே தன்னோட தளத்துக்குள்ள மெதுவா திரும்ப ஆரம்பிக்கும். அதாவது இன்னைக்கு வடக்குல இருக்கிற உச்சி, நாளாக நாளாக நகந்து பூமத்திய ரேகை பக்கம் எறங்கி, ஒரு நாள் தெற்குக்கே போயிடும். இந்த திரும்புற வேகத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கு, அதுல சாய்வுக் கோணத்தோட காஸ் மதிப்பை வர்க்கம் பண்ணி 5-ஆல பெருக்கி அதுலருந்து 1-ஐ கழிக்கிற ஒரு பகுதி வரும். அது பூஜ்யமானா திரும்புறதும் பூஜ்யம். காஸ் வர்க்கம் 0.2 வரணும், காஸ் 0.447, கோணம் 63.4 டிகிரி. அவ்வளவுதான். அதுக்கு கம்மியா சாய்ச்சா நீள்வட்டம் ஒரு பக்கம் திரும்பும், கூட சாய்ச்சா எதிர்ப்பக்கம் திரும்பும், சரியா 63.4ல நின்னுடும்.

நீங்க கேட்ட 90 டிகிரிய மோல்னியா பாதைக்கு போட்டுப் பாத்தேன். ஒரு நாளைக்கு 0.17 டிகிரி கிட்ட திரும்புது, கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா வருஷத்துக்கு 60 டிகிரி ஆச்சு. மூணு வருஷத்துல உச்சி தென் துருவத்துக்கு மேல போய் உக்காந்துடும், சைபீரியாவுக்கு டிவி காட்ட அனுப்பினது பெங்குயினுக்கு காட்டிட்டு இருக்கும்! அதைத் தடுக்கணும்னா எரிபொருள் எரிச்சு எரிச்சு திருப்பிட்டே இருக்கணும். 63.4ல அந்த செலவே இல்ல. சந்திரனும் சூரியனும் இழுக்கிற இழுப்பு தனி, அதனால கீழ்ப்புள்ளியோட, அதாவது பூமிக்கு ரொம்ப கிட்ட வர்ற எடத்தோட, உயரம் கூடிக் கொறையும், அது வேற தலைவலி, அத இந்த நம்பர் சரி பண்ணாது. பசங்ககிட்ட இந்த காஸ் கணக்க போர்டுல போட்டுக் காட்டுங்க டீச்சர், திரிகோணவியல் எதுக்குன்னு கேக்கிற பையனுக்கு இதவிட நல்ல பதில் கிடைக்காது.

கேள்வி (மதுரை, ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்): சோவியத் காலத்துல மாஸ்கோ டிவி விளாடிவோஸ்டாக் வரைக்கும் போச்சுன்னு அப்ப பத்திரிகையில படிச்ச ஞாபகம். அது இந்த சேட்டிலைட் வழியாத்தானா?

பதில்: ஆமாங்க ஐயா, இதேதான். மாஸ்கோவுக்கும் விளாடிவோஸ்டாக்குக்கும் நடுவுல 7 மணி நேர வித்தியாசம், இடையில சதுப்பு, காடு, உறைஞ்சு கெடக்கிற நிலம். உங்களுக்கு சொல்லணுமா, மைக்ரோவேவ் டவர் வரிசையா நட்டுட்டு போனா அம்பது கிமீக்கு ஒண்ணுன்னு எத்தன வேணும், ஒவ்வொண்ணுக்கும் கரண்ட் வேணும், ஆள் வேணும். அதனாலதான் சோவியத் ராக்கெட் வடிவமைப்பாளர் கொரலியோவோட டிசைன் பீரோ சேட்டிலைட் பக்கம் போச்சு. 1964ல ரெண்டு தடவ முயற்சி பண்ணாங்க. ஒண்ணு ராக்கெட்டோட போச்சு, இன்னொண்ணு மேல போய்ச் சேந்தும் ஆன்டெனா விரியல, அதுக்கு காஸ்மாஸ் 41னு ஒரு பேர வச்சு மூடி மறைச்சுட்டாங்க. 1965 ஏப்ரல் 23ல போன மோல்னியா-1 தான் ஜெயிச்சுது. அதே ஏப்ரல் மாசம் 6ஆம் தேதி அமெரிக்காவுலருந்து ஏர்லி பேர்ட்னு வியாபாரத்துக்கான மொத ஜியோஸ்டேஷனரி சேட்டிலைட் அட்லாண்டிக் மேல போச்சு. 17 நாள் இடைவெளியில ஒரே பிரச்சினைக்கு ரெண்டு விடை! அமெரிக்காவையும் மேற்கு ஐரோப்பாவையும் சேக்கணும்னா பூமத்திய ரேகை போதும், லெனின்கிராடையும் (இப்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கிழக்குக் கோடியில இருக்கிற மகதானையும் சேக்கணும்னா போதாது. யாரு கெட்டிக்காரன்ங்கிற பேச்சே இதுல இல்ல, அவங்கவங்க ஜனம் எந்த அட்சரேகையில இருக்குங்கிறதுதான்.

கீழ வாங்குறதுக்கு ஓர்பிட்டான்னு ஒரு நிலைய வரிசை கட்டினாங்க. அக்டோபர் புரட்சியோட 50ஆவது ஆண்டு 1967 நவம்பர்ல வந்துச்சு, அதுக்குள்ள முடிக்கணும்னு மேலருந்து ஒரே விரட்டு, முடிச்சும் காட்டினாங்க, மொத கட்டமா 20 ஊர் பக்கம். ஒவ்வொரு நிலையமும் ஒரு வட்டமான கான்கிரீட் கட்டடம், அது தலையில 12 மீட்டர் அகல டிஷ். நம்ம ஊர் மொட்டை மாடி டிஷ் மாதிரி சும்மா இருக்காது, சேட்டிலைட் நகர நகர கூடவே திரும்பணும், ஒண்ணு எறங்கினதும் அடுத்தத தேடிப் பிடிக்கணும். சேட்டிலைட்ல டிரான்ஸ்மிட்டர் பவர் 40 வாட், வீட்டு பல்பு அளவுதான், அதனாலதான் கீழ அவ்ளோ பெரிய டிஷ். மாஸ்கோவுல ராத்திரி 9 மணி செய்தின்னா விளாடிவோஸ்டாக்ல விடிகாலை 4 மணி, அதனால பின்னாடி நேரத்த தள்ளித் தள்ளி கிழக்குப் பக்கத்துக்குன்னு தனித்தனி ஒளிபரப்பே பண்ண வேண்டியதாச்சு.

அந்த ரெண்டாவது உச்சின்னு சொன்னேன்ல. 1963ல மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் ஹாட்லைன் போட்டப்ப அது கடலுக்கடியில போற கேபிள். 1971ல ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு அத சேட்டிலைட்டுக்கு மாத்தினாங்க, அமெரிக்கா பக்கத்துலருந்து இன்டெல்சாட்ங்கிற ஜியோஸ்டேஷனரி சேட்டிலைட், சோவியத் பக்கத்துலருந்து மோல்னியா, ரெண்டு வழியும். 1978லருந்து அது ஓடுச்சு. மோல்னியா சிக்னல வாங்க அமெரிக்காக்காரங்க மேரிலாந்துல இருக்கிற ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ முகாம்ல டிஷ் வச்சாங்க. எதிரி நாட்டு சேட்டிலைட்டுக்கு தன் முகாம்லயே டிஷ் வச்சு பராமரிச்ச கதை, உங்க துறையில வேற எங்கயும் கேட்டிருக்க மாட்டீங்க.

கேள்வி (ஈரோடு): இவ்வளவு நல்லா இருக்குன்னா உலகம் பூரா இதையே பண்ணிருக்கலாமே?

பதில்: பண்ணமாட்டாங்க, ஏன்னா இதோட தொல்லைங்க கொஞ்சநஞ்சம் இல்ல. மொதல்ல டிஷ். நகர்ற சேட்டிலைட்ட துரத்தணும்னா மோட்டார், கன்ட்ரோல், ஆள், பராமரிப்பு. வீட்டுக்கு வீடு அத வைக்க முடியுமா? அப்புறம் தூரம் மாறிக்கிட்டே இருக்கிறதால அலைவரிசை லேசா நழுவும், சிக்னல் பலமும் ஏறி எறங்கும், ரிசீவர் அதுக்கெல்லாம் ஈடு குடுக்கணும். ஒரு சேட்டிலைட்லருந்து இன்னொண்ணுக்கு மாத்துற நேரம் வேற. ஜியோஸ்டேஷனரியில ஒரே ஒண்ணு போதும்ங்கிற எடத்துல இங்க குறைஞ்சது ரெண்டு மூணு வேணும்.

எல்லாத்தவிட பெரிய எமன் கதிர்வீச்சு. பூமிய சுத்தி வான் ஆலன் பட்டைன்னு மின்துகள்கள் அடைஞ்சு கெடக்கிற பகுதி இருக்கு, மோல்னியா மாதிரி பாதையில போறது ஒவ்வொரு சுத்துலயும் எறங்கும்போது ஒரு தடவ, ஏறும்போது ஒரு தடவ அதுக்குள்ள பூந்து வரணும், நாளைக்கு நாலு தடவ. சோலார் பேனல் கொஞ்சம் கொஞ்சமா செத்துட்டே வரும், எலக்ட்ரானிக்ஸும் அடி வாங்கும். ஆரம்ப கால மோல்னியாக்கள் சீக்கிரம் சீக்கிரம் ஓஞ்சு போனதுக்கும், பதிலுக்கு ஒண்ணு பின்னால ஒண்ணா அனுப்பிக்கிட்டே இருந்ததுக்கும் இது ஒரு காரணம். அப்புறம் 40,000 கிமீ உயரம்ங்கிறதால பேச்சு போய் வர்ற தாமதம் ஜியோஸ்டேஷனரிக்கு கொஞ்சமும் குறையாது, நீங்க பேசி அவர் பதில் உங்க காதுக்கு வர அரை நொடிக்கு மேல ஆகும். அதுல எந்த லாபமும் இல்ல.

கேள்வி (திருச்சி): என் மக சிகாகோல இருக்கா, அவ கார்ல சேட்டிலைட் ரேடியோன்னு ஒண்ணு வச்சிருக்கா. கார் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாட்டு நிக்கறதே இல்ல. அதுல டிஷ்ஷும் இல்ல. அது எப்படி?

பதில்: அம்மா, நீங்க கேட்டது தெரியாமலே இந்த மாச விஷயத்துக்குள்ள வந்துட்டீங்க. அமெரிக்காவுல சீரியஸ்னு ஒரு கம்பெனி 2000ஆம் வருஷம் மூணு சேட்டிலைட்ட அனுப்புச்சு, அனுப்பினது பைக்கனூர்லருந்து ரஷ்ய புரோட்டான் ராக்கெட்ல. பாதை டண்ட்ரா வகை, அதே 63.4 டிகிரி சாய்வுதான், ஆனா ஒரு சுத்துக்கு 12 மணி இல்ல, ஒரு நாள் முழுக்க. கிட்ட வரும்போதே 24,000 கிமீ, தள்ளிப் போனா 47,000 கிமீ. இவ்ளோ உயரத்துலயே இருக்கிறதால கதிர்வீச்சு பட்டையோட மோசமான உள்பகுதிக்குள்ள போறதே இல்ல. ஒவ்வொண்ணும் 24 மணி நேரத்துல 16 மணி நேரம் பூமத்திய ரேகைக்கு வடக்கால இருக்கும், மூணும் 8 மணி நேரம் தள்ளித் தள்ளி வர்றதால எந்த நேரமும் ரெண்டு சேட்டிலைட் வடக்குல இருக்கும்.

கார்ல இருக்கிறது உள்ளங்கை அளவு ஆன்டெனா, அது எல்லா திசையிலயும் மேல பாத்து வாங்கும், டிஷ் மாதிரி குறி வைக்க வேண்டியதில்ல. சேட்டிலைட் அடிவானத்துக்கிட்ட இருந்தா பக்கத்து கட்டடமோ மரமோ லாரியோ மறைச்சிடும், தலைக்கு மேல 60 டிகிரியில இருந்தா மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அதே சமயத்துல போட்டிக்கு வந்த எக்ஸ்எம் கம்பெனி ஜியோஸ்டேஷனரி பாதையில ரெண்ட வச்சுச்சு, கோணம் தாழ்வா இருந்ததால ஊருக்குள்ள தரையில, சிக்னல வாங்கித் திருப்பி அனுப்புற ரிப்பீட்டர் டவர்கள பல மடங்கு அதிகமா நட வேண்டியதாச்சு. 2008ல ரெண்டு கம்பெனியும் ஒண்ணா சேந்துட்டாங்க. சேந்ததுக்கு அப்புறம் 2009ல சீரியஸுக்குன்னு போன அடுத்த சேட்டிலைட் ஜியோஸ்டேஷனரி! டவர்தான் ஏற்கனவே நட்டாச்சே, இனிமே எதுக்கு மூணு சேட்டிலைட்ட துரத்திக்கிட்டுன்னு கணக்கு போட்டிருப்பாங்க. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான், அந்த டண்ட்ரா ஏற்பாடு அவ்ளோ அழகு. அழகுக்கு எந்த கம்பெனி காசு குடுக்குது சொல்லுங்க. உங்க மக கார்ல இப்ப பாடுறது அந்த நீள்வட்ட சேட்டிலைட் இல்ல, மூணுமே ஓய்வுக்குப் போயாச்சு.

கேள்வி (கோயம்புத்தூர்): ஜப்பான்காரன் வானத்துல எட்டு போடுற சேட்டிலைட் விட்டிருக்கானாம். நம்ம நாவிக்கும் எட்டு போடுதுன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?

பதில்: சொந்தக்காரங்க, ஆனா ஒண்ணு இல்ல. நம்ம நாட்டோட ஜிபிஎஸ் மாதிரியான நாவிக்ல 29 டிகிரி சாய்வுல போற சேட்டிலைட்டுக வட்டப் பாதைதான், அதனால மேல பாதியும் கீழ பாதியும் ஒரே அளவுள்ள எட்டு. ஜப்பானோட மிச்சிபிகி, மொதல்ல போனது 2010 செப்டம்பர்ல, லேசான நீள்வட்டம், சாய்வு 41 டிகிரி சொச்சம். அதனால அந்த எட்டுல வடக்கு வளையம் சின்னதா மெதுவா இருக்கும், ஜப்பானுக்கு மேல. தெற்கு வளையம் பெருசா வேகமா ஆஸ்திரேலியா பக்கம் போயிட்டு வரும். நாளைக்கு 8 மணி நேரம் ஒவ்வொண்ணும் டோக்கியோ தலைக்கு மேல 70 டிகிரிக்கு மேல நிக்கும். அவங்க பிரச்சினை குளிர் இல்ல, நெருக்கி நெருக்கி நிக்கிற உயரக் கட்டடங்க, நடுத்தெருவுல நின்னா வானமே ஒரு கீத்துதான் தெரியும். முக்கியமா ஜிபிஎஸ்ஸுக்கு துணைதான் அது, கூடவே பூகம்பம் சுனாமி எச்சரிக்கையும் அனுப்புது. இவ்ளோ லேசான நீள்வட்டத்த மோல்னியாவோட ஒரே பட்டியல்ல சேக்கிறது எனக்கு ஒப்பல, ஆனா யோசனை அதே யோசனைதான், யாருக்கு வேணுமோ அவங்க தலைக்கு மேல நேரத்த செலவழி.

கேள்வி (சேலம்): 1983ல ஒரு ரஷ்ய சேட்டிலைட் தப்பா அலாரம் அடிச்சு அணுகுண்டுப் போர் வரப் பாத்துச்சாமே, அதுவும் இந்த வகைதானா?

பதில்: இந்த வகைதான், ஆனா தகவல் தொடர்பு சேட்டிலைட் இல்ல, ஏவுகணை கெளம்புதான்னு பாக்குற ஓக்கோ சேட்டிலைட். உச்சியிலருந்து அமெரிக்க ஏவுகணை தளங்கள பக்கவாட்டுல, கருப்பான விண்வெளி பின்னணியில பாக்கிற மாதிரி அமைச்சிருந்தாங்க, அப்பத்தான் ராக்கெட் நெருப்பு தனியா தெரியும். 1983 செப்டம்பர் 26 ராத்திரி, உயர மேகத்துல பட்ட சூரிய வெளிச்சம் சரியா அந்தக் கோணத்துல சேட்டிலைட் கண்ணுல அடிச்சுது, கம்ப்யூட்டர் மொதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னும் நாலு ஏவுகணை வருதுன்னு சொல்லிடுச்சு. டியூட்டியில இருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், அடிக்கணும்னா அஞ்சோட நிறுத்தமாட்டாங்களேன்னு யோசிச்சு, இது பொய் அலாரம்னு மேல சொல்லிட்டார்.

கேள்வி (பெங்களூரு): ஸ்டார்லிங்க் ஆயிரக்கணக்குல பறக்குற காலத்துல இதெல்லாம் பழைய கதை தானே?

பதில்: பழைய கதைன்னு நெனச்சீங்கன்னா 2024 ஆகஸ்ட்ட பாருங்க. நார்வே அரசோட ஸ்பேஸ் நார்வே நிறுவனம் ரெண்டே ரெண்டு சேட்டிலைட்ட கலிஃபோர்னியாவோட வேண்டன்பர்க்லருந்து அனுப்புச்சு, 65 டிகிரிக்கு வடக்கால 24 மணி நேர பிராட்பேண்ட் குடுக்கிறதுக்கு. உச்சி 43,000 கிமீ, கீழ 8,000 கிமீ, ஒரு சுத்துக்கு 16 மணி நேரம், சாய்வு வழக்கம்போல 63.4. 16 மணின்னா ரெண்டு நாள்ல மூணு சுத்து, மூணு எடத்துல உச்சி. கீழ்ப்புள்ளிய 8,000 கிமீக்கு தூக்கினதுக்கு காரணம் முன்னாடி சொன்ன கதிர்வீச்சுதான், மோல்னியா பட்ட பாட்ட பாத்துட்டு உள்பட்டைக்கு ஒதுங்கிப் போற மாதிரி பாத்துக்கிட்டாங்க. அத கொண்டு போன ராக்கெட் எது தெரியுமா? ஃபால்கன் 9. ஸ்டார்லிங்க் நடத்துற அதே ஸ்பேஸ்எக்ஸோட ராக்கெட்!

ஸ்டார்லிங்க் தாழ்வா 550 கிமீ வாக்குல பறக்குது, தாமதம் ரொம்ப கம்மி, துருவத்துக்கு மேல போற பாதையிலயும் சேட்டிலைட் வச்சிருக்காங்க, அதனால ஆர்க்டிக்லயும் இப்ப வேலை செய்யுது, அத மறுக்க முடியாது. ஆனா தாழ்வா பறக்குறது ஒவ்வொண்ணும் சில நிமிஷத்துல தலைய தாண்டிப் போயிடும், அதனால நூத்துக்கணக்குல வேணும், உலகம் முழுக்க சுத்திட்டுத்தான் உங்க ஊருக்கு வரும். உலகம் முழுக்க வாடிக்கையாளர் இருக்கிறவனுக்கு அது லாபம். நார்வேக்கு வேண்டியது வடக்குக் கடல்ல மீன் பிடிக்கிறவன், ஆர்க்டிக்ல இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போற கப்பல், மேல பறக்குற விமானம், ராணுவம், இவ்வளவுதான். அந்த ரெண்டு சேட்டிலைட்ல நார்வே ராணுவத்தோட கருவி, அமெரிக்க விண்வெளிப் படையோட கருவி, வியாசாட் கம்பெனியோட பிராட்பேண்ட் கருவின்னு எல்லாம் ஒண்ணா ஏறியிருக்கு, செலவ பங்கு போட்டுக்கிட்டாங்க. ஒரு நாடு தன் ராணுவப் பேச்ச இன்னொரு நாட்டு தனியார் கம்பெனிய நம்பி விடுமாங்கிறதும் இருக்கு. ரஷ்யாவும் நிறுத்தல, மோல்னியாவுக்கு பதிலா 2006லருந்து மெரிடியன், வானிலைக்கு 2021லருந்து ஆர்க்டிகா-எம், ரெண்டும் இதே வகைப் பாதையிலதான்.

கேள்வி (சென்னை, பள்ளி மாணவி): அண்டார்டிகாவுல இந்தியாவோட பாரதி நிலையம் இருக்கே. அதுக்கு இத தலைகீழா போட்டா என்ன?

பதில்: தாராளமா போடலாம் பாப்பா, கணக்குல தடையே இல்ல, உச்சிய தெக்கால வச்சா முடிஞ்சுது, 63.4 அங்கயும் அதே 63.4தான். ஆனா பாரதி 69 டிகிரி தெற்கு, அதாவது மர்மான்ஸ்க் நிலைமைதான், ஜியோஸ்டேஷனரி சேட்டிலைட் அடிவானத்துக்கு மேல 12 டிகிரியில எட்டிப் பாக்கும். டிஷ்ஷ கிட்டத்தட்ட படுக்க வச்ச மாதிரி வடக்கால திருப்பி வச்சா சமாளிச்சுக்கலாம். சைபீரியாவுல டிவி கேட்டு லட்சக்கணக்குல ஜனம் இருந்துச்சு, அண்டார்டிகாவுல நிரந்தரக் குடியே கிடையாது, ஆராய்ச்சிக்குப் போறவங்க மட்டும்தான். அத்தன பேருக்காக தனி சேட்டிலைட் வரிசைன்னா நிதி அமைச்சகத்துல ஃபைல் நகராது.

கேள்வி (விருதுநகர்): இந்த வகை சேட்டிலைட் ஒண்ணு வீட்டுக் கூரை மேல விழுந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நெசமா?

பதில்: வாட்ஸ்அப்ல வந்ததுலயே அபூர்வமா நெசம். 2011 டிசம்பர் 23, மெரிடியன் சேட்டிலைட்டோட கெளம்பின சோயுஸ் ராக்கெட் மேல போய்ச் சேரல, அதோட துண்டு ஒண்ணு நோவோசிபிர்ஸ்க் பக்கம் வகாய்ட்சேவோங்கிற கிராமத்துல ஒரு வீட்டுக் கூரைய பொத்துக்கிட்டு விழுந்துச்சு. யாருக்கும் அடி இல்ல. அந்தத் தெருவுக்குப் பேரு காஸ்மோநாட் தெரு, விண்வெளி வீரர்கள் பேர்ல வச்சது, நான் சேத்துக் கட்டினது இல்ல, அன்னைக்கு செய்தியிலயே வந்துச்சு. வரிசையில அடுத்த மெரிடியன் 2012 நவம்பர்ல ஒழுங்கா போய்ச் சேந்துடுச்சு.